தலைமடையும் கடைமடையும்: சாதித் துயரும் கத்தோலிக்க இறையியலின் மறுமொழியும்

(ஒரத்தநாட்டில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1. பொருளும் எல்லையும்

இனவெறி என்ற சொல்லைக் கேட்டவுடன் அமெரிக்கத் தோட்டங்களின் அடிமை வணிகமும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியும் தமிழர் மனத்தில் தோன்றுவது வழக்கம். பிறப்பால் மனிதரைத் தரம் பிரித்து, அத்தரத்தை உழைப்பு, உறைவிடம், மணம், உணவு, அடக்கம் ஆகிய அனைத்திலும் நடைமுறைப்படுத்தும் ஒழுங்கு என்று அச்சொல்லின் பொருளை விரித்துரைத்தால், அது காவிரிப் படுகைக்குப் புதியதன்று என்பது விளங்கும். இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரையில், அவ்வுடன்படிக்கையில் வரும் 'வம்சாவளி' என்னும் சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று விளக்கியது. இந்திய அரசு இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. சாதியும் இனமும் வேறு வேறு என்பதே அதன் நிலைப்பாடு. நிறம் முகத்தில் தெரிவது, சாதி தெருவின் பெயரில் தெரிவது என்ற அளவில் அந்த வேறுபாடு உண்மைதான். ஆயினும், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவரெனத் திருநூல் கூறும் மனிதரைப் பிறந்த வீட்டைக் கொண்டு இழிந்தவரெனத் தீர்ப்பிடலாமா என்று இறையியல் எழுப்பும் கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றே.

இறையியல் என்பது நம்பிக்கை தன்னைத்தானே சிந்தித்து விளக்கிக்கொள்ளும் அறிவுத்துறை. கடவுள் யார், மனிதர் யார், பாவம் எது, மீட்பு எது என்று வகுத்துரைப்பது அதன் பணி. ஆகவே, சாதியைப் பற்றிக் கத்தோலிக்க இறையியல் என்ன சொன்னது என்ற ஆய்வு, ஒரு சமயத்தின் சமூகப் பணிகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாக நின்றுவிட இயலாது. அச்சமயம் சாதியைப் பாவத்தின் பட்டியலில் வைத்ததா, வழக்கத்தின் பட்டியலில் வைத்ததா என்பதே ஆராயப்பட வேண்டியது. கடந்த நான்கு நூற்றாண்டுகளின் தமிழகக் கத்தோலிக்க வரலாற்றில் போதனைக்குக் குறைவில்லை என்பதும், சாதியை 'உலகியல் வழக்கு' என்று ஒதுக்கி வைத்த ஒரு தொடக்ககாலப் பகுப்பு அப்போதனையை வழியிலேயே மடைகட்டி நிறுத்திவிட்டது என்பதும், திருப்பந்தியில் நிகழும் பாகுபாடு நம்பிக்கைக்கே எதிரான பிழை என்று கொள்ளும் வரை அம்மடை திறக்காது என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து.

2. 'உலகியல் வழக்கு' என்னும் பகுப்பு

இத்தாலிய இயேசு சபைத் துறவியான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். கிறிஸ்தவம் என்றால் பரங்கியர் மதம், அதில் சேர்வது குலம் கெடுவது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. அவர் காவியுடுத்து, மரக்கறி உணவு கொண்டு, தமிழும் சமஸ்கிருதமும் பயின்று, துறவிக் கோலத்தில் போதித்தார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராடல் முறைகளையும் தொடரலாமா என்ற வழக்கு எழுந்தபோது, அவை சமயச் சின்னங்கள் அல்ல, குலத்தின் மதிப்பைக் காட்டும் உலகியல் அடையாளங்கள் மட்டுமே என்று அவர் வாதிட்டார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கை கலவாத வகையில் அவற்றைக் கைக்கொள்ள இசைவளித்தது.

பண்பாட்டு நோக்கில் இது பெருந்துணிவு. ஐரோப்பிய உடையும் உணவும் நற்செய்தியின் பகுதிகள் அல்ல என்று அக்காலத்தில் சொல்வதற்கு அரிய தெளிவு வேண்டும். தமிழ் உரைநடைக்கும் தமிழ்க் கிறிஸ்தவச் சொல்வளத்துக்கும் அத்தெளிவால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் ஒரே வாதத்துக்குள் இரண்டு பொருள்கள் சேர்த்துக் கட்டப்பட்டன. உடுப்பதும் உண்பதும் ஒருவர் தம் உடலின்மேல் மேற்கொள்ளும் வழக்கங்கள். இன்னொருவரைத் தொடாமலும் அவரோடு உண்ணாமலும் இருப்பது அந்த இன்னொருவரின்மேல் செலுத்தப்படும் தீர்ப்பு. முன்னதைப் பண்பாடு என்று ஏற்ற பகுப்பு, பின்னதையும் அதே மூட்டையில் உள்ளே விட்டது. 1640 முதல் எல்லாச் சாதியாரிடமும் பழகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் தோன்றினர். பிராமணத் துறவிக் கோலம் பூண்ட குருவும் சேரி வரை செல்லும் குருவும் வேறு வேறாயினர். நற்செய்தி ஒன்றாக இருக்க, அதைச் சுமந்து வந்த கைகள் இரண்டாகப் பிரிந்தன.

குறிப்பிடத்தக்க ஒன்று, 1623ஆம் ஆண்டின் அந்த ஆணையிலேயே ஓர் அறிவுரையும் இருந்தது என்பதாகும். குலப்பெருமை உடையோர் எளியோரை இகழலாகாது, சிறப்பாகத் திருக்கோயிலில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருளடையாளங்கள் பெறும்போதும் இகழலாகாது என்பது அதன் கருத்து. இசைவு நானூறு ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. அறிவுரை ஏட்டில் தங்கிவிட்டது. பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் இது முன்மாதிரி. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் துர்னோன், நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்கே சென்று குருக்கள் அருளடையாளம் வழங்க வேண்டுமென 1704இல் ஆணையிட்டார். நாற்பது ஆண்டு வாதங்களுக்குப் பின், 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், பறையர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றார். சாகக் கிடக்கும் ஒருவரின் குடிசைக்குள் எந்தக் குரு நுழைவது என்பதற்கு நாற்பது ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது என்பதும், கிடைத்த தீர்வு வாசலைப் பொதுவாக்காமல் ஆளைப் பிரித்தது என்பதும் 'உலகியல் வழக்கு' என்ற சொல்லின் விலையைக் காட்டுகின்றன.

3. சுவர்களின் வரலாறு

பகுப்பு முதலில் சொல்லில் இருந்தது, பின்னர் செங்கல்லாயிற்று. புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டு நிகழ்வொன்றைப் பதிவு செய்துள்ளார். மாதா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவரையும் சாதிக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரை, காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் கண்டு வினவியதைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்டோர் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீள்கூடங்கள் பீடத்தில் சந்திக்கும்படி கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு கூடத்திலும் நாடார் முதலிய பிறர் மற்றதிலும் நின்று ஒரே பூசை கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. 1910ஐ ஒட்டிக் கௌசானல் அடிகளார் அப்பிரிப்பை அகற்றினார். எதிர்த்தோர் நீதிமன்றம் சென்றனர். தனியிடம் கோரும் உரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை.

தஞ்சைக்கு இவ்வரலாற்றில் தனிப் பங்குண்டு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், 1833இல் விடுத்த சுற்றுமடலில், சாதி வேறுபாடு உடனே, உறுதியாக, முற்றிலுமாகக் கைவிடப்பட வேண்டும் என்று கட்டளையிட்டார். அமர்விடமும் நற்கருணைக் கிண்ணமும் பொதுவாக வேண்டும் என்ற அந்த ஆணையை எதிர்த்துத் தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். பாமாலைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களின் பக்கம் நின்று எழுதினார். அன்பு மிக்க பக்தியும் ஆழ்ந்த புலமையும் உடைய ஒருவருக்கே அமர்விடத்தின் வரிசை விட்டுக்கொடுக்க இயலாததாக இருந்தது என்றால், சாதி எவ்வளவு உள்ளே இறங்கியிருந்தது என்பதை உணரலாம்.

ஒரத்தநாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. இவ்வூரின் முக்தாம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோஜி மன்னரால் நிறுவப்பட்டது. தஞ்சை அரசின் சத்திரங்களின் நடைமுறையை 1801இல் ஆங்கிலேய அரசப் பிரதிநிதிக்கு விளக்கிய மடலில், பிராமணர் முதல் பறையர் ஈறாக வழிப்போக்கர் எவராயினும் சோறு பெறுவர் என்றும், சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதோர் அரிசியும் பண்டங்களுமாகப் பெற்றுக்கொள்வர் என்றும் மன்னர் குறிப்பிட்டார். அக்காலத்து அளவில் இது பெரும் அறம். பசித்தவர் எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. எனினும் ஒரே களத்து நெல், ஒருவருக்கு இலையில் சோறாகவும் இன்னொருவருக்கு முடிச்சில் அரிசியாகவும் பிரிந்து போயிற்று. வயிற்றுக்கு உணவு கொடுப்பதும் ஒரே பந்தியில் அமர்வதும் இருவேறு செயல்கள். முன்னதை அரசின் சத்திரம் செய்ய முடிந்தது. பின்னதைச் செய்வதற்கென்றே ஏற்பட்டது திருச்சபையின் பலிபீடம்.

4. சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு

'வழக்கம்' என்ற சொல்லால் அநீதியைக் காப்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில இயேசு சபையார் 1838இல், தம் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் 272 பேரை விற்றனர். அவர்களில் மிகப் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். அவர்களை விற்றவர்கள் தினமும் திருப்பலி நிறைவேற்றியவர்கள். அடிமை முறை ஒழிந்த பின்னும் பல கோயில்களில் கறுப்பின மக்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, வெள்ளையர் அனைவரும் பெற்ற பின்னரே நற்கருணை பெற்றனர். அந்நாட்டு ஆயர்கள் இனவெறி ஒரு பாவம் என்று 1979இல் மேய்ப்புப்பணி மடலொன்றில் அறிவித்தனர். கறுப்பினக் கத்தோலிக்க அறவியலாளர் பிரயன் மாசிங்கேல் 2010இல் வெளியிட்ட நூலில், ஆயர்களின் மடல்கள் இனவெறியைத் தனியாட்களின் தீய எண்ணமாகவே பார்க்கின்றன என்று திறனாய்ந்தார். எவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே ஒரு சாராருக்கு மேலிடமும் மறுசாராருக்குக் கீழிடமும் கிடைக்கச் செய்யும் பண்பாடாக இனவெறி இயங்குகிறது என்பது அவர் வாதம். தமிழகச் சாதிக்கு இக்கூற்று எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

தென்னாப்பிரிக்க வரலாறு இன்னும் கூர்மையான பாடம் தருகிறது. டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம் 1857இல் கூடியபோது, வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக நற்கருணை பெறுவதே திருநூலுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனிக் கூட்டங்கள் நடக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. 1881இல் கலப்பின மக்களுக்கெனத் தனிச் சபையே அமைந்தது. 1948இல் ஆட்சிக்கு வந்தவர்கள் கோயிலில் பழகியிருந்த அப்பிரிவினையை நாடு முழுதுக்கும் சட்டமாக்கினர். நற்கருணை மேசையில் தொடங்கிய விலக்கு, தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு தேசத்தின் கொடுங்கோன்மையாக வளர்ந்தது. 1982இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது தப்பறை என்று அறிவித்தது. தப்பறை என்பது நம்பிக்கையின் அடிப்படையையே திரிக்கும் பிழை. அதில் நிலைத்திருப்பவர் சபையின் ஒன்றிப்பில் இருக்க இயலாது. அவ்வாறே, நிறவெறியை நியாயப்படுத்திய சபைகளின் உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்பட்டது.

அதே 1982ஆம் ஆண்டு, ஜனவரி மாதம், காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை கூடியது. சாதிக்கும் அதனால் விளையும் பாகுபாட்டுக்கும் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தையே மறுதலிப்பது என்று ஆயர்கள் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தனர். சொல்லின் வலிமையில் திருச்சி அறிக்கை ஒட்டாவா அறிக்கைக்குக் குறைந்ததன்று. வேறுபாடு அடுத்த வரியில் உள்ளது: ஒட்டாவாவில் அறிக்கைக்குப் பின் விளைவு இருந்தது, திருச்சியில் அறிக்கையோடு முடிந்தது. மறுதலிப்பு என்று பெயரிட்ட பின்னும், மறுதலிப்பவர் தேர் வடம் பிடிப்பதற்கும் பங்குப் பேரவையில் தலைமை ஏற்பதற்கும் எத்தடையும் ஏற்படவில்லை.

5. ஆணை இறங்கும் வழி

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வாழும் ஒரத்தநாட்டு உழவர்க்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீரின் அளவு செய்தித்தாளில் வரும். அந்த அளவைப் படித்து எவருடைய நாற்றங்காலும் நனைவதில்லை. கால்வாயில் புறப்பட்ட நீர் வாய்க்கால் வாய்க்காலாகவும் மதகு மதகாகவும் பிரிந்து, வழியிலுள்ள வயல்கள் நிறைந்த பின் மிஞ்சினால் கடைமடையைச் சேரும். முறை வைத்துப் பாய்ச்சுவதும், முறை தவறினால் தட்டிக் கேட்கும் ஆள் இருப்பதுமே கடைமடைக்காரரின் உயிர்நாடி.

திருச்சபையின் போதனையும் இவ்வாறே மேலிருந்து இறங்கியது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டின் 29ஆம் பிரிவு, இனம், நிறம், பால், சமூக நிலை, மொழி, சமயம் காரணமாக மனிதரின் அடிப்படை உரிமைகளில் காட்டப்படும் பாகுபாடு கடவுளின் திருவுளத்துக்கு எதிரானது என்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் 'பாவக் கட்டமைப்புகள்' என்ற கருத்தை விரித்துரைத்தார். தனியாட்களின் பாவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சட்டமாகவும் வழக்கமாகவும் இறுகி, அடுத்த தலைமுறையையும் பாவத்துக்குள் இழுக்கும் அமைப்பு என்பது அதன் பொருள். அவரே 2003 நவம்பரில் தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவரிடையே சாதி அடிப்படையிலான தப்பெண்ணத்தின் சாயல் இருப்பதும் உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து கர்தினாலாக உயர்த்தப்பட்ட முதலாமவரானார். இவை அனைத்தும் மேட்டூரில் திறந்த தண்ணீர்.

கடைமடையில் என்ன வந்தது என்பதற்கும் சான்றுகள் உண்டு. இயேசு சபைச் சமூகவியலாளர் அந்தோணி ராஜ் மேற்கொண்டு 1992இல் வெளிவந்த ஆய்வு, தமிழகப் பங்குகளில் தனி அமர்விடம், தனிக் கல்லறை, பீடப்பணியிலிருந்து விலக்கு ஆகியவை நிலவியதைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மதுரையில் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', துறவு மடத்துக்குள்ளும் சாதி பின்தொடர்ந்து வந்ததை, அங்கே வாழ்ந்து வெளியேறிய ஒருவரின் சொல்லில் எழுதியது. இந்திய இறையியல் கல்லூரிகளில் எழுதப்பட்ட பல நூல்களைவிட அச்சிறு நூல் திருச்சபையின் மனசாட்சியை அதிகம் உலுக்கியது. 2008 மார்ச் மாதம் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதல், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பலியாவதில் முடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர், 2010இல் போராட்டக்காரர்களின் கடப்பாரைக்கு உள்ளாகும் வரை செய்தியாகவே இல்லை.

இவற்றினும் ஓசையின்றி நிகழ்வது ஒன்றுண்டு. பாதுகாவலர் திருவிழாவின் பத்தாம் நாள் இரவில் சப்பரம் கோயிலிலிருந்து புறப்படுகிறது. மின்விளக்குகள் ஒளிர, பேண்டு முழங்க, ஊர்த்தெருவின் ஒவ்வொரு வாசலிலும் அது நின்று நின்று வருகிறது. வீட்டார் மெழுகுதிரி ஏற்றி, மாலை சார்த்தி, உப்பும் மிளகும் இறைத்து வேண்டுகின்றனர். தெரு முடியும் இடத்தில் சப்பரம் திரும்புகிறது. அதற்கப்பால் உள்ள சேரியின் கத்தோலிக்கர், தம் உப்பு மிளகுப் பொட்டலத்தோடும் உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும் அந்த முனை வரை நடந்து வந்து, திரும்பும் வேளையில் காணிக்கையை இறைத்துவிட்டுச் செல்கின்றனர். எவரும் எவரையும் ஏசுவதில்லை. எவரும் எவரையும் தடுப்பதில்லை. வழக்கம் மட்டுமே நடைபெறுகிறது. இத்தெருமுனைதான் 'உலகியல் வழக்கு' என்ற பகுப்பின் இன்றைய எல்லைக்கல்.

6. பாடுகள்

துயரத்துக்கு இறையியல் தரும் மறுமொழி இருவகைப்பட்டது. ஒன்று, துன்பத்தைப் பொறுமையோடு ஏற்றால் மறுமையில் பேறு கிட்டும் என்பது. நோயுற்றவருக்கு ஆறுதலாகும் இப்போதனை, பிறரால் துன்புறுத்தப்படுபவருக்குச் சொல்லப்படும்போது துன்புறுத்துபவரின் கேடயமாகிவிடுகிறது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த தஞ்சைப் பண்ணைகளில், உன் சிலுவையைச் சுமந்துகொள் என்ற அறிவுரை மிராசுதாரரின் கணக்குப்பிள்ளை சொன்னதற்கு ஒப்பாகவே ஒலித்திருக்கும்.

மற்றது, சிலுவையை அநீதியின் மேல் கடவுள் எழுதிய தீர்ப்பாகக் காண்பது. எல் சால்வதோர் நாட்டு இயேசு சபை இறையியலாளர் இக்னாசியோ எல்லகூரியா, வரலாற்றில் இன்றும் 'சிலுவையில் அறையப்பட்ட மக்கள்' உளர் என்றும், அவர்களைச் சிலுவையிலிருந்து இறக்குவதே திருச்சபையின் பணி என்றும் எழுதினார். 1989 நவம்பர் 16 அன்று படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவில் 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் தனித்துறையாக உருப்பெற்றது. இயேசு நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டு இறந்தார் என்று எபிரேயர் திருமுகத்தில் வரும் ஒரு குறிப்பை இவ்விறையியல் கையிலெடுத்தது. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்த நிலத்தில் வாழ்வோர்க்கு ஊருக்கு வெளியே என்பதன் பொருள் உடனே விளங்கும். கடவுள் ஊருக்கு வெளியே இறந்தார் என்றால், அவரைக் காண விரும்புகிறவர் தெருமுனையைத் தாண்டி நடக்கத்தான் வேண்டும்.

தமிழ் இதற்கென ஒரு சொல்லை முன்பே வைத்திருக்கிறது. இயேசுவின் சிலுவைத் துன்பத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'பாடுகள்' என்கின்றனர். நடவிலும் அறுப்பிலும் முதுகொடிய உழைப்பதும் தமிழில் 'பாடுபடுதல்'. பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை எழுந்து நின்று கேட்கும் டெல்டாப் பங்குகளில், அதே சொல்லுக்குரிய மக்கள் கோயிலின் எந்தப் பக்கம் நிற்கின்றனர் என்ற கேள்வியை மொழியே எழுப்புகிறது. பிற மொழிகளில் நூல் எழுதி நிறுவ வேண்டிய ஒன்றைத் தமிழ் இறையியல் ஒரே சொல்லிலிருந்து தொடங்கலாம்.

இவ்விறையியல் தன் சமயத்தாரின் துயரோடு நின்றுவிடலாகாது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வும் சங்கம் சேரும் உரிமையும் கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், குடிசைக்குள் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அந்த நாள் கிறிஸ்து பிறப்பு நாள். ஜெர்மானியக் கத்தோலிக்க இறையியலாளர் யோகான் மெட்ஸ், இயேசுவின் பாடுகளை நினைவுகூர்வதை 'ஆபத்தான நினைவு' என்றார். கொல்லப்பட்டவரை மறக்க மறுக்கும் நினைவு, கொன்றவரின் அமைதியைக் கலைக்கும் என்பது அதன் பொருள். காவிரிப் படுகையின் கோயில்களில் குடில் கட்டி விண்மீன் தொங்கவிடும் அந்த இரவில், குடிசைக்குள் மாண்ட அக்குழந்தைகளின் நினைவுக்கு மன்றாட்டில் இடமில்லையென்றால், மாட்டுக்கொட்டிலில் பிறந்தவரின் விழா எதைக் கொண்டாடுகிறது என்பது விளங்காமற் போகும்.

7. திருப்பந்தியே உரைகல்

சாதி உலகியல் வழக்கு, அதைச் சமயத்தோடு கலக்க வேண்டாம் என்போர்க்குத் திருநூலிலேயே மறுமொழி உள்ளது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து ஒதுங்கினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததாகக் கலாத்தியர் திருமுகம் கூறுகிறது. திருச்சபையின் தலைவரே செய்தாலும், தனிப்பந்தி நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாதது என்று பவுல் கருதினார். யாக்கோபு திருமுகம், பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் அழுக்குடை அணிந்தவருக்குக் காலடியும் காட்டும் சபையைச் சாடுகிறது. கொரிந்து நகரத்தில் செல்வர் முன்னதாக உண்டு முடிக்க ஏழைகள் பசித்திருந்தபோது, அங்கே உண்ணப்படுவது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் எழுதினார். இருக்கையும் வரிசையும் பந்தியும் தொடக்கத்திலிருந்தே நம்பிக்கைக்குரிய பொருள்களாகவே இருந்துள்ளன. அவற்றை உலகியல் என்று வகுத்ததே பிற்காலத்துப் பிழை.

இப்பிழை அரசின் முன்னும் திருச்சபையைத் தடுமாற வைக்கிறது. 1950 ஆகஸ்டு 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது, 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. மதம் மாறியதால் ஒருவரின் சேரி இடம் மாறுவதில்லை, கூலி உயர்வதில்லை, கொலைவெறி தணிவதில்லை. ஆதலின் தலித் கிறிஸ்தவரின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் கிறிஸ்தவரிடையே சாதிக் கொடுமை உண்டு என்று தில்லியில் மனுக்கொடுக்கும் திருச்சபை, தன் பங்குகளில் அது இல்லை என்று சாதிக்க இயலாது. மனுவில் எழுதியதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்ல வேண்டும்.

ஆகவே கத்தோலிக்க இறையியலின் மறுமொழி மூன்று நிலைகளில் அமைய வேண்டும். முதலாவது, சாதி காட்டுதல் தப்பறைக்கு நிகரான பிழை என்ற தெளிவு. 1982இல் திருச்சியில் ஆயர்கள் மறுதலிப்பு என்று சொன்னதன் நேரிய பொருள் அதுவே. இரண்டாவது, அத்தெளிவுக்கு ஏற்ற ஒழுங்கு. கல்லறையில் சுவரும் தேருக்குத் தெரு எல்லையும் வைத்துள்ள பங்கில், அவை அகலும் வரை தேரும் திருவிழாவும் நடவாது என்று ஆயர் ஆணையிடுவது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் ஒருவரை உயிரோடும் பிணமாகவும் ஒதுக்குவதைவிட அது கடுமையானதன்று. மூன்றாவது, இறையியல் பேசுவோரின் மாற்றம். குருமடங்களிலும் ஆயர் இல்லங்களிலும் பேராசிரியர் நாற்காலிகளிலும் பாடுபட்ட மக்களின் மக்கள் அமரும்போதே, துயரைப் பற்றிய இறையியல் துயருற்றவரின் இறையியலாக மாறும்.

தண்ணீர் வரவில்லை என்று மேட்டூரைக் குறைகூறும் காலம் கடந்துவிட்டது. நீர் 1623 முதலே வந்துகொண்டிருக்கிறது, அடைத்து வைத்திருப்பவை நம் ஊர் மதகுகள். வரும் திருவிழாவில் தெருமுனையில் சப்பரம் திரும்பும் வேளையில், அதைச் சுமக்கும் தோள்கள் திரும்பாமல் நேரே நடக்கட்டும். அதற்குத் திருத்தந்தையின் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. இருபது இளைஞரின் மனவுறுதியும் ஒரு பங்குத்தந்தையின் துணிவும் போதும்.